பெலிக்கான் பேனாவின் பின் திருகு ஆடுகிறதே, ஒட்டலாமா?

கேள்வி: ஐயா, தென்காசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஜெர்மனியில் வேலை பார்க்கும் தம்பி வாங்கித் தந்த பெலிக்கான் எம்200 பேனாவில் சிவப்பு மை நிரப்பி நோட்டுத் திருத்திவந்தேன். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மேசை டிராயரில் வைத்ததுதான். ஜூனில் பள்ளி திறந்த பிறகு எடுத்துப் பார்த்தால் மை காய்ந்துபோயிருந்தது. கழுவலாம் என்று பின் திருகைத் திருகினேன். கடினமாக இருந்தது, கொஞ்சம் பலம் கொடுத்தேன். 'டக்'கென்று ஒரு சத்தம் வந்தது. அப்போதிருந்து திருகு லூசாகிவிட்டது. மூடி வைத்தாலும் பேனாவின் உடம்புக்கும் திருகுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி நிற்கிறது. பிடித்து ஆட்டினால் அந்தப் பகுதி மொத்தமாக ஆடுகிறது. மையும் உறிஞ்சவில்லை. மரை தேய்ந்துவிட்டதா? சக ஆசிரியர் ஒருவர் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் நின்றுவிடும் என்கிறார். விடலாமா? சரியானால் மறுபடி சிவப்பு மை நிரப்பலாமா?

அன்புள்ள டீச்சர்,

ஃபெவிக்விக் விடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் பேனா உடைந்ததாகத் தெரியவில்லை. மரை தேய்ந்திருக்கவும் வாய்ப்புக் குறைவு. மரை தேய்ந்திருந்தால் திருகு சுற்றிக்கொண்டே இருக்கும், எங்கேயும் பிடிக்காது. உங்களுடையதில் திருகு தன் வேலையைச் செய்திருக்கிறது. தள்ள வேண்டிய பிஸ்டன், அதாவது மை அறைக்குள் முன்னும் பின்னும் போய் மையை உறிஞ்சுகிற அடைப்பு, உள்ளே காய்ந்த மையில் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றதால், தள்ளிய பகுதியே பின்னால் பிதுங்கி வந்துவிட்டது. அதாவது வெளியே நீங்கள் பார்க்கிற தளர்ச்சிக்குக் காரணம் உள்ளே இருக்கிற இறுக்கம். அதனால் ஆடுகிற இடத்தை இப்போதைக்கு விட்டுவிட்டு, ஒட்டிக்கொண்ட இடத்தை இளக்குவதுதான் முதல் வேலை.

நம் ஊரில் பெரும்பாலோர் பழகியது கழுத்தைக் கழற்றி ஃபில்லரால் மை ஊற்றுகிற பேனாவில். ராஜமுந்திரியிலும் திருவள்ளூரிலும் கடைந்து எடுக்கிற எபோனைட் பேனாக்கள் பலவும் அந்த வகைதான். அவற்றில் உறிஞ்சுகிற இயந்திரமே கிடையாது. கழுத்து மரை தளர்ந்தால் மை கசியும், இறுக்கினால் நிற்கும். அந்தப் பழக்கத்தில் பிஸ்டன் பேனாவையும் நாம் இறுக்கப் பார்க்கிறோம். இதற்கு அந்த வைத்தியம் பொருந்தாது.

உங்கள் பேனாவின் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். தெரிந்துகொண்டால் கை தானாகவே மெதுவாகும். வண்ணமும் மையும் செய்துவந்த ஹனோவர் நகரத்து பெலிக்கான் நிறுவனம், தியோடர் கோவாச் என்ற பொறியாளரின் பிஸ்டன் காப்புரிமையை வாங்கி, 1929ல் தன் முதல் மைப்பேனாவை வெளியிட்டது. எம்200 வந்தது 1985ல். இடையில் எத்தனையோ மாறியிருந்தாலும் அடிப்படை அதேதான். பின் திருகைச் சுற்றினால் அதற்குள் இருக்கும் மரைத்தண்டு சுற்றும். அந்தத் தண்டு பிஸ்டனைச் சுற்ற விடாமல் நேராக முன்னே தள்ளும், பின்னே இழுக்கும். திருகு வெளியே வருவது கொஞ்சம்தான், பிஸ்டன் அதைவிடப் பல மடங்கு தூரம் போய்வரும். பிஸ்டனின் முனையில் இருக்கிற வாஷர் உட்சுவரை அழுத்திப் பிடித்திருப்பதால்தான் மை உறிஞ்சப்படுகிறது, பின்பக்கம் கசியாமலும் இருக்கிறது.

இந்த மொத்த அமைப்பும் எம்200ன் உடம்புக்குள் திருகி மாட்டப்பட்டதல்ல. அழுத்திச் செருகப்பட்டது, அவ்வளவுதான். எம்400, எம்600 வகைகளிலும் அப்படியே. சாதாரணமாக அந்தப் பிடிமானம் தாராளமாகப் போதும், ஏனென்றால் நனைந்த பிஸ்டனைத் தள்ளப் பெரிய பலம் தேவையில்லை. ஆனால் திருகு என்பது விரல் பலத்தைப் பல மடங்காக்கும் கருவி. வழுக்குத் தரையில் நின்றுகொண்டு, சக்கரம் சிக்கி நின்றுவிட்ட வண்டியைத் தள்ளிப் பாருங்கள். வண்டி அசையாது, நம் கால்தான் பின்னால் போகும். உங்கள் பேனாவில் நடந்தது அதுதான். விடுமுறைக்கு முன் மை நிரப்பியபோது பிஸ்டன் பின்கோடியில் இருந்தது. ஏப்ரல், மே வெயிலில் மையின் தண்ணீர் போய், சாயம் வாஷரைச் சுற்றிக் கெட்டியாகிவிட்டது. நீங்கள் இடஞ்சுழியாகத் திருகியதும் தண்டு பிஸ்டனைத் தள்ளியது, பிஸ்டன் அசையவில்லை, செருகல் வழுக்கிப் பின்னால் வந்தது. அந்த 'டக்' சத்தம் அதுதான்.

சரி, இதை உறுதி செய்துகொள்ளுங்கள். கழுத்துக்கு மேலே ஒளி ஊடுருவும் சிறிய ஜன்னல் இருக்கிறதல்லவா, அதை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் பேனாவில் திருகை முழுக்கத் திறந்தால் பிஸ்டன் அந்த ஜன்னல் வரை இறங்கி வந்து நிற்கும். உங்களுடையதில் வராது என்று நினைக்கிறேன். இப்போது அதைச் சோதிக்கிறேன் என்று மேலும் இடஞ்சுழியாகத் திருகாதீர்கள். திருகினால் இன்னும் பிதுங்கும். அடுத்து, உடம்பின் பின்விளிம்பை ஒரு பூதக்கண்ணாடியில் சுற்றிப் பாருங்கள். மயிரிழைபோல விரிசல் ஏதாவது தெரிந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு, கைதேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். விரிசல் இல்லையென்றால் வேலை உங்கள் வீட்டு மேசையிலேயே முடியக்கூடியது. உத்தரவாதக் காலம் இன்னும் பாக்கி இருந்தால் தம்பியிடம் ரசீதைக் கேட்டு, வாங்கிய கடை வழியாகவே அனுப்பிவிடுவது மேல். கீழே சொல்வதெல்லாம் அந்த வசதி இல்லாதவர்களுக்கு.

வேலையை ஊறவைப்பதில் தொடங்குங்கள். ஒரு சிறிய டம்ளரில் கழுத்து மூழ்கும் அளவுக்கு மட்டும் சாதாரணத் தண்ணீர் எடுத்து, நிப் கீழாக இருக்கும்படி பேனாவை இரவு முழுக்க நிறுத்திவையுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு கலக்கலாம். வெந்நீர் கூடாது, பிளாஸ்டிக் உடம்பு வளைந்துவிடும். ஸ்பிரிட், நெயில் பாலிஷ் நீக்கி, தின்னர் எதுவும் பேனா பக்கத்திலேயே வர வேண்டாம். மொத்தப் பேனாவையும் தண்ணீரில் போடவும் வேண்டாம். பின்பக்கமாகப் புகுந்த தண்ணீர் பிஸ்டனுக்குப் பின்னால் தங்கிவிட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

காலையில் நிப்பைக் கழற்றுங்கள். எம்200ல் நிப்பும் அதன் அடியில் இருக்கும் கட்டையும் சேர்ந்து ஒரே துண்டாக மரையில் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்து விரல்களுக்கு நடுவில் பிடித்து, ஒரு மெல்லிய ரப்பர் துண்டை வைத்துக்கொண்டு, இடஞ்சுழியாகச் சுற்றினால் கழன்று வரும். நேராக இழுக்காதீர்கள். இழுத்தால் நிப் மட்டும் வந்து, அதைப் பிடித்திருக்கும் வளையம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சுற்ற வரவில்லையென்றால் இன்னும் ஓர் இரவு ஊறட்டும். நிதானமாகச் செய்யுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழுதாகி வருகிற பிஸ்டன் பேனாக்களில் காய்ந்த மையே கெடுத்தது குறைவு, அதன்மேல் காட்டிய அவசரம் கெடுத்ததுதான் அதிகம்.

நிப் வந்த பிறகு மை அறை திறந்த குழாய் மாதிரி ஆகிவிடும். திறந்த வாய் மேலே இருக்கும்படி பேனாவை ஒரு டம்ளருக்குள் நிறுத்தி, ஃபில்லரால் உள்ளே தண்ணீர் விடுங்கள். சில மணி நேரம் கழித்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். முதலில் கெட்டிச் சிவப்பாக வரும், பிறகு ரோஜா நிறம், அப்புறம் நிறமே இல்லாமல் வரும். அது ஒரு நாளிலும் முடியலாம், மூன்று நாளும் ஆகலாம். திருகைத் தொடாமல் இருப்பதுதான் இந்த நாட்களில் உங்கள் வேலை. குச்சி, ஊசி, கம்பி எதையும் உள்ளே விட்டுச் சுரண்டாதீர்கள். உட்சுவரில் ஒரு கோடு விழுந்தால் போதும், வாஷர் அந்த இடத்தில் மையைப் பிடித்து வைக்காது.

தண்ணீர் தெளிந்த பிறகு கடைசித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, திருகை வலஞ்சுழியாக, அதாவது மூடுகிற திசையில், மெல்லச் சுற்றுங்கள். இங்கே ஒரு நல்ல விஷயம் நடக்கும். பிஸ்டன் இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தால், முன்பு பிஸ்டனைத் தள்ளப் போய்ப் பின்வாங்கிய அதே அமைப்பு இப்போது பிஸ்டனை இழுக்கப் போய்த் தானே உள்ளே வரும். இடைவெளி குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். முற்றிலும் மறையாவிட்டாலும் பரவாயில்லை. திருகை மூடிய நிலையில் வைத்து, மேசைமேல் நாலாக மடித்த துணியை விரித்து, பேனாவின் பின்முனையைத் துணியில் ஊன்றி, உடம்பைச் செங்குத்தாகக் கீழ்நோக்கி நிதானமாக அழுத்துங்கள். சாய்க்காதீர்கள், தட்டாதீர்கள், சுத்தியல் எடுக்காதீர்கள். சரியாக உட்காரும்போது கைக்குத் தெரியும். விளிம்பும் விளிம்பும் ஒட்டி, இடைவெளியே இல்லாமல் நிற்க வேண்டும். மை அறை காலியாக, நிப் கழன்ற நிலையில் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், அழுத்தும்போது பிஸ்டனும் சேர்ந்து முன்னே நகரும். எதிரே காற்று வெளியேற வழி வேண்டும்.

இனி கிரீஸ். இது இல்லாமல் வேலை பாதிதான். ஊறவைத்துக் கழுவிய பிஸ்டன் சுத்தமாக இருக்கும், ஆனால் வறண்டும் இருக்கும். மறுபடி அதே இடத்தில் இறுக்கிப் பிடிக்கும். பேனாக் கடைகளில் சிறிய டப்பியில் சிலிக்கோன் கிரீஸ் என்று கேட்டால் கிடைக்கும். நூறு சதவீதம் சிலிக்கோன் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பல்குத்தும் குச்சியின் முனையில் பஞ்சைச் சுற்றிக்கொள்ளுங்கள். கடுகில் பாதி அளவு கிரீஸைத் தொட்டு, திறந்த வாய் வழியாக உட்சுவரில் ஒரு வளையமாகத் தடவுங்கள். பிறகு திருகை உள்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டே இடஞ்சுழியாகக் கால் சுற்று, திரும்பவும் மூடுங்கள். அப்புறம் அரைச் சுற்று, மூடுங்கள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் பிஸ்டன் ஒரு கட்டத்தில் ஜன்னலில் தலைகாட்டும். அங்கிருந்து நாலைந்து தடவை முழுக்கப் போய்வரச் செய்தால் கிரீஸ் சீராகப் பரவி, திருகு ஒரே மென்மையில் ஓடும். எந்த இடத்திலாவது இறுகினால் பலம் கொடுக்காதீர்கள். மறுபடி தண்ணீர், மறுபடி காத்திருப்பு. அளவைக் கூட்டிவிடவும் வேண்டாம். மிஞ்சிய கிரீஸ் மையோடு போய்க் கட்டையின் நுண்ணிய வாய்க்கால்களை அடைத்து, எழுத்து விட்டுவிட்டு வரும்.

கிரீஸ் கிடைக்கவில்லை, வாசலின் போடலாமா, தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் போடலாமா என்று கேட்பார்கள். போடக் கூடாது. இவை மையில் கலந்து பரவும். வாசலினும் மெஷின் எண்ணெயும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை, அவை சில வகை ரப்பர் வாஷர்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப்பிடிக்கும். கிரீஸ் வரும்வரை பேனா சும்மா இருக்கட்டும், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

ஃபெவிக்விக் ஏன் வேண்டாம் என்றால், அந்தப் பசை மெல்லிய இடைவெளிகளில் தானாக ஓடிப் பரவும் தன்மை உடையது. நீங்கள் விளிம்பில் விடுகிற ஒரு சொட்டு விளிம்பில் நிற்காது. மரைத்தண்டு வரை போய்த் திருகையே நிரந்தரமாகப் பூட்டிவிடலாம். அதன் ஆவி பளபளப்பான பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலமாகப் படிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிஸ்டன் ஒட்டிய நிலையிலேயே பின்பகுதியைப் பூட்டிவிட்டால், அடுத்த முறை திருகும்போது வழுக்கிப் போக இடம் இருக்காது. பிஸ்டன் தண்டோ உடம்போ உடையும். இன்று பிதுங்கி நிற்பது உங்கள் பேனாவை ஒரு வகையில் காப்பாற்றியிருக்கிறது என்றே சொல்வேன். சில பழைய பேனாக்களில் செருகல் உண்மையிலேயே தேய்ந்து தளர்ந்திருக்கும். அப்போது எங்களைப் போன்றவர்கள் அரக்கு வைப்போம். லேசான சூட்டில் இளகி, வேண்டும்போது கழற்ற முடிகிற பொருள் அது. அதையும் வீட்டில் முயலச் சொல்ல மாட்டேன்.

நிப்பைத் திரும்ப மாட்டியதும் முதலில் தண்ணீரை உறிஞ்சிப் பாருங்கள். நிரப்பிய பேனாவின் பின் இணைப்பைச் சுற்றி ஒரு டிஷ்யூத் தாளைக் கட்டி, ஓர் இரவு நிப் மேலாக நிறுத்திவையுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் மை நிரப்பலாம். ஈரம் இருந்தால் வாஷர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பேனாவைப் பழுதுபார்ப்பவர்தான் பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாப் பேனாவும் எம்200 அல்ல. பெலிக்கானிலேயே எம்800, எம்1000 இரண்டிலும் இந்த அமைப்பு மரையில் மாட்டப்பட்டது, அதுவும் இடது மரை. நாம் வழக்கமாக இறுக்குகிற திசையில் திருப்பினால் அது கழன்றுவரும். எம்200க்குச் சொன்னபடி அதை அழுத்தவும் கூடாது. ட்விஸ்பி டைமண்ட் 580 என்ற பிஸ்டன் பேனா வைத்திருப்பவர்களுக்குப் பெட்டியிலேயே ஒரு சின்ன ஸ்பேனரும் கிரீஸும் வந்திருக்கும். அதில் திருகோடு சேர்ந்து மொத்த அமைப்பும் சுற்றுகிறதென்றால் மரை உண்மையிலேயே தளர்ந்திருக்கிறது. திருகைக் கொஞ்சம் திறந்து, தெரிகிற தட்டையான பகுதியில் ஸ்பேனரைப் பொருத்தி லேசாக இறுக்கினால் போதும். ஆனால் அங்கேயும் முதலில் பிஸ்டன் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் மரையைத் தளர்த்தியதே அந்த இறுக்கமாக இருக்கலாம்.

கன்வர்ட்டர், அதாவது கழுத்தில் செருகிக் கழற்றுகிற மை உறிஞ்சும் குழாய், உள்ள பேனாக்களில் வருகிற தளர்ச்சி வேறு. கன்வர்ட்டர் கழுத்தில் நிற்காமல் ஆடினால் பெரும்பாலும் அது அந்தப் பேனாவுக்கு உரியதாக இருக்காது. லாமி, பார்க்கர், பைலட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாய். ஒன்று இன்னொன்றில் நுழைவதுபோலத் தெரியும், மை மட்டும் கசியும். உரிய கன்வர்ட்டரே ஆடினால், அடிக்கடி பிடுங்கிச் செருகியதில் வாய் அகன்றுவிட்டது. புதிது வாங்கிவிடுங்கள், அதை ஒக்கிடுவதில் பயனில்லை. ஹீரோ 616 போன்ற பேனாக்களில் உலோக உறை கழன்று வந்தால் நேராகப் பிடித்து மெதுவாகச் செருகினால் போதும். உள்ளே மெல்லிய மூச்சுக்குழாய் இருக்கிறது, அது வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேனாவுக்குத் திரும்புகிறேன். அடுத்த விடுமுறைக்கு முன், அரையாண்டு விடுமுறையாகவே இருந்தாலும், மையைப் பாட்டிலுக்குத் திருப்பிவிடாமல் வெளியே தள்ளிவிட்டு, தெளியும்வரை தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சித் தள்ளி, ஈரத்தை உதறிவிட்டுக் காலியாக வையுங்கள். பள்ளி நாட்களில் ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் பிஸ்டனைக் கடைசிவரை இறக்கி ஏற்றுங்கள். பாதித் தூரம் மட்டுமே ஓடுகிற பிஸ்டன் மீதித் தூரத்தில் இறுகிப்போகும். மூடும்போது நின்ற இடத்தில் விட்டுவிடுங்கள், அதற்கு மேல் இறுக்க வேண்டியதில்லை.

சிவப்பு மை தாராளமாக நிரப்பலாம். மைப்பேனாவுக்கென்றே விற்கிற மையாக இருந்தால் போதும். மினுக்குத் தூள் கலந்த மையும், அரக்கு சேர்ந்த டிராயிங் மையும் மட்டும் இந்தப் பேனாவுக்கு வேண்டாம். நாள்பட்ட சிவப்பு, ஜன்னலில் லேசான ரோஜா நிறத்தை விட்டுவைக்கும். எத்தனை முறை கழுவினாலும் அது முழுக்கப் போகாது, பிளாஸ்டிக்கில் ஏறிய சாயம் அது. பிஸ்டனுக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை, அதை எடுக்கிறேன் என்று எதையும் ஊற்றிவிடாதீர்கள்.